தலைக்கு மேலே ஒரு நூற்றாண்டு

ஜெராய் மலையடியிலிருந்து கெடா வானத்தின் கதை

கொக்கித் தராசின் முள் இருபத்திரண்டில் போய் நிற்கிறது. டிக்கெட்டில் போட்டிருப்பது இருபது கிலோ. இறக்கு, திற, எதையாவது வெளியே எடு என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொல்கிறார்கள். மைலோ பாக்கெட் போகட்டும் என்கிறாள் மருமகள். கோடாலித் தைலம் ஒரு டஜன் எதற்கு, ஆறு போதாதா என்கிறான் பேரன். பாட்டி அசையவில்லை. தைலம் இல்லாமல் சொந்தக்காரர் வாசலில் போய் எப்படி நிற்பது? கடைசியில் வெளியே வருவது அவருடைய கம்பளிச் சால்வைதான். விமானத்தில் குளிருமே என்று யாரோ சொல்ல, அது பெட்டியிலிருந்து தோளுக்கு ஏறுகிறது. முள் இருபதுக்குக் கொஞ்சம் கீழே இறங்குகிறது.

செமிலிங், பீடோங் பக்கத்து வீடுகளில் இப்படிப்பட்ட தராசு ஒன்று இன்னும் எங்காவது மூலையில் கிடக்கும். ஒட்டுப்பால் நிறுத்த தராசு. பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்த பிறகு அதற்கு வேலை இல்லாமல் போனது. இப்போது பினாங்கு விமான நிலையத்துக்குக் கிளம்புகிற அன்று மட்டும் உத்திரத்தில் ஏறுகிறது.

விமானம் இந்த வட்டாரத்துத் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்து நாற்பது வருடம்தான் ஆகிறது. அவர்கள் தலைக்கு மேலே பறக்கத் தொடங்கியோ நூறு வருடம் தாண்டிவிட்டது. மலாயா வானத்தின் நூறாண்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் விமானிகளையும் கம்பெனிகளையும் பற்றிப் பேசுவார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அந்த வானம் என்ன கொடுத்தது, என்ன எடுத்தது என்பதைக் கேட்க செமிலிங்கைவிட நல்ல இடம் இல்லை.

மலை பார்த்து வந்தவர்கள்

செமிலிங்குக்கு முதுகுப் பக்கம் நிற்கிற குனோங் ஜெராய் 1,217 மீட்டர் உயரம். சுற்றிலும் வயலும் தோட்டமுமான சமவெளியில் தனியாக எழுந்து நிற்பதால் கடலில் வெகுதூரத்திலிருந்தே தெரியும். கடாரத்துக்கு வந்த கப்பல்கள் இதைப் பார்த்துத்தான் மெர்போக் ஆற்று முகத்தைக் கண்டுபிடித்தன. ராஜேந்திர சோழனின் படை 1025-இல் கடாரத்தைத் தாக்கியபோதும் மாலுமிகளின் கண்ணில் முதலில் பட்டது இந்த மலையாகத்தான் இருந்திருக்கும். செமிலிங்கை ஒட்டிய சுங்கை பத்துவில் தோண்டி எடுத்த இரும்பு உருக்கு உலைகள் அதற்கும் முந்திய வியாபாரத்தைச் சொல்கின்றன. ஆயிரம் வருடம் கழித்து, ராடார் இல்லாத காலத்தில் வடக்கிலிருந்து வந்த விமானிகளுக்கும் இப்படி ஒரு மலை சும்மா கிடைத்த அடையாளம்.

ஆரம்பக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1911 மார்ச் 16 அன்று பெல்ஜியத்துக்காரர் ஜோசப் கிறிஸ்டியன்ஸ் சிங்கப்பூர் ஃபாரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் ஒரு பிரிஸ்டல் பாக்ஸ்கைட்டைப் பறக்கவிட்டார். 1919 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித் குழு, நமக்கு வடக்கே சயாமின் சிங்கோராவில் இறங்கி அங்கிருந்து சிங்கப்பூர் போனது. 1924-இல் வான் டெர் ஹூப் என்ற டச்சு விமானி ஆம்ஸ்டர்டாமிலிருந்து பத்தாவியாவுக்கு ஒரு ஃபொக்கர் விமானத்தில் கிளம்பினார். பல்கேரியாவில் எஞ்சின் பழுதாகி, மாற்று எஞ்சின் வரும்வரை ஒரு மாதம் காத்துக் கிடந்து, பாங்காக், சிங்கோரா, மேடான் வழியாக நவம்பர் 24-இல் போய்ச் சேர்ந்தார். சிங்கோராவிலிருந்து மேடானுக்குப் போக இந்தத் தீபகற்பத்தின் கழுத்தைக் கடந்துதான் ஆகவேண்டும். கெடா வட்டாரத்து வானத்துக்கு நூறு வயது என்று சொல்ல அந்த ஒரு பயணம் போதும்.

அடுத்த பத்து வருடத்தில் அலோர்ஸ்டார் உலக வரைபடத்தில் ஏறியது. காரணம் வயல்தான். மேடு பள்ளமில்லாத நிலம், பாங்காக்குக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் எண்ணெய் போட வசதியான இடம். டச்சுக்காரர்களின் கே.எல்.எம். பத்தாவியா போகிற வழியில் இங்கே இறங்கியது. 1933 டிசம்பரில் லண்டன்–சிங்கப்பூர் சேவையைத் தொடங்கிய இம்பீரியல் ஏர்வேசும் இங்கே நின்று போனது. மலாயாவுக்குள் வடக்கிலிருந்து வருகிற வான்வாசல் கோலாலம்பூரோ பினாங்கோ அல்ல, கெடாவின் நெல்வயல்தான் என்பதை இன்று அலோர்ஸ்டார்க்காரர்களே பாதிப் பேர் நம்பமாட்டார்கள்.

பெட்டிச் செய்தி: 90 மணி நேரமும் ஒரு வாரமும்

1934 அக்டோபரில் லண்டனிலிருந்து மெல்போர்னுக்கு நடந்த புகழ்பெற்ற விமானப் பந்தயத்தில் கே.எல்.எம்.மின் ‘ஊய்வர்’ என்ற டி.சி.-2 விமானம் அலோர்ஸ்டாரில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போனது. அதில் மூன்று பயணிகளும் மூட்டை மூட்டையாகத் தபாலும். இங்கிலாந்திலிருந்து மெல்போர்ன் போய்ச் சேர அதற்கு ஆனது சுமார் 90 மணி நேரம். அதே வருடம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய ஒரு தோட்டத் தொழிலாளிக்குப் பினாங்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம். பிறகு புலாவ் ஜெரெஜாக் தீவில் தடுப்புக் காவல். அதன் பிறகுதான் தோட்டத்து லாரி. பந்தயத்தில் பெயர் வாங்கிய ஊய்வர் அந்த டிசம்பரிலேயே ஈராக் பாலைவனத்தில் நொறுங்கி, உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

விமானம் இல்லாத திடல்களுக்குக் காவல்

சிங்கப்பூரைக் காப்பாற்ற வேண்டுமானால் வடக்கே விமானங்கள் இருக்க வேண்டும் என்று 1930-களில் பிரிட்டிஷ் விமானப்படை கணக்குப் போட்டது. அலோர்ஸ்டார், சுங்கைப்பட்டாணி, பட்டர்வொர்த் என்று வரிசையாகத் திடல்கள் எழுந்தன. மரம் வெட்டி, மண் நிரவி, வடிகால் வெட்டி, கல் பரப்பிச் செய்த வேலை அது. அந்தக் காலத்து மலாயாவில் சாலைக்கும் தண்டவாளத்துக்கும் மராமத்து இலாகாவுக்கும் மண்வெட்டி பிடித்த கைகளில் பெரும்பகுதி யாருடையது என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது தரைப்படையை யாரும் கேட்கவில்லை. பாதுகாக்க முடியாத இடங்களில் திடல் போட்டாயிற்று. போட்ட பிறகு அவற்றை எதிரிக்கு விடவும் முடியாது. அதனால்தான் 11-ஆவது இந்தியப் படைப்பிரிவு ஜித்ரா வயல்களில், சேற்றிலும் மழையிலும் போய் உட்கார வேண்டி வந்தது. மலாயாவுக்குத் தேவை 336 விமானங்கள் என்று லண்டனே ஒப்புக்கொண்டிருந்தது. போர் தொடங்கிய அன்று கையில் இருந்தவை 158. அவற்றிலும் பல பழைய பஃபலோக்கள், பிளென்ஹைம்கள்.

1941 டிசம்பர் 8 காலையில் ஜப்பானிய விமானங்கள் சுங்கைப்பட்டாணித் திடலுக்கு வந்தன. அங்கே ஆஸ்திரேலியாவின் 21-ஆவது ஸ்குவாட்ரனும் பிரிட்டனின் 27-ஆவது ஸ்குவாட்ரனும் இருந்தன. தரையில் நின்ற விமானங்களே முதலில் எரிந்தன. வடமலாயாவில் அன்று காலை பறக்கத் தயாராக இருந்தவை 110. இருட்டுவதற்குள் 50 ஆகிவிட்டன. செமிலிங்குக்கும் அந்தத் திடலுக்கும் இடையே தூரம் கொஞ்சம்தான். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசத் தொடங்கும்போது, பசியையும் மரவள்ளிக்கிழங்கையும் சொல்வதற்கு முன்னால் குண்டுச் சத்தத்தைச் சொல்வது அதனால்தான்.

மறுநாள் நடந்தது கெடா மண்ணின் கதைதான், ஆனாலும் நம் பள்ளிப் புத்தகங்களில் அது பெரிதாக இல்லை. சிங்கோராவைத் தாக்கப் பட்டர்வொர்த்தில் பிளென்ஹைம்கள் தயாராக நின்றன. முதல் விமானம் ஏறிய கணத்தில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்து மற்றவை எல்லாம் தரையிலேயே சிதைந்தன. ஏறிவிட்ட ஒற்றை விமானத்தில் இருந்தவர் ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப், 62-ஆவது ஸ்குவாட்ரன். திரும்பி இறங்கியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தனியாகவே சிங்கோரா போய்க் குண்டு போட்டுவிட்டுத் திரும்பினார். வழியில் இடது கையும் முதுகும் சிதைந்துபோயின. கூட இருந்த இருவர் அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, மரங்களை உரசுகிற உயரத்தில் பறந்து வந்து அலோர்ஸ்டார் அருகே ஒரு நெல்வயலில் வயிற்றுப் பக்கமாக விமானத்தை இறக்கினார். கூட இருந்தவர்களுக்குக் கீறல்கூட இல்லை. கொண்டுபோன மருத்துவமனையில் தாதியாக இருந்தது அவர் மனைவி. அவரே ரத்தம் கொடுத்தார். அப்படியும் ஸ்கார்ஃப் பிழைக்கவில்லை. படை ஓடிக்கொண்டிருந்த நேரம், காகிதங்கள் எல்லாம் தொலைந்துபோயின. விக்டோரியா சிலுவை 1946-இல்தான் அறிவிக்கப்பட்டது. தைப்பிங் போர்க் கல்லறையில் அவர் இருக்கிறார்.

அலோர்ஸ்டாரில் இன்னொரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது. விமானப்படையோடு தொடர்பு வேலையில் இருந்த கேப்டன் பேட்ரிக் ஹீனன் என்ற இந்தியப் படை அதிகாரி ஜப்பானியருக்குத் தகவல் சொன்னதாக டிசம்பர் 10 அன்று பிடிபட்டார். தரையில் விமானங்கள் அப்படி அகப்பட்டுக்கொண்டதற்கு அவரே முழுக் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் வசதியான விளக்கமாகவே படுகிறது. 336 கேட்ட இடத்தில் 158 கொடுத்தது ஹீனன் அல்ல.

பிறகு எல்லாம் சரிந்தது. ஜித்ரா இரண்டு நாளில் போனது. அடுத்த அரண் ஜெராய் மலைக்கு மறுபக்கம் உள்ள குருண், அதுவும் நிற்கவில்லை. அலோர்ஸ்டார் திடலில் பெட்ரோல் பீப்பாய்களும் குண்டுகளும் அப்படியே இருந்தன. மேசையில் சூப் சூடாக இருந்ததாக ஜப்பானிய அதிகாரி சுஜி பின்னாளில் எழுதினார். கைவிட்ட சரக்குகளுக்கு ஜப்பானியர் ‘சர்ச்சில் சப்ளை’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தத் திடல்களிலிருந்தே ஜப்பானிய விமானங்கள் தெற்கே பறந்தன. பஞ்சாபிலிருந்தும் கூர்க்கா மலைகளிலிருந்தும் வந்த சிப்பாய்கள் காவல் காத்துச் செத்தது, விமானமே இல்லாமல் போன விமானத் திடல்களுக்காக.

தோட்டத்து ஆட்களை வானம் அத்தோடு விடவில்லை. 1942-இலிருந்து கெடாத் தோட்டங்களிலிருந்தும் ஆட்களை ரயிலில் ஏற்றிச் சயாம்–பர்மா தண்டவாளத்துக்குக் கொண்டுபோனார்கள். மரண ரயில் என்று சொன்னால் நம்மில் புரியாதவர்கள் கிடையாது. காலராவுக்கும் பட்டினிக்கும் தப்பியவர்கள் மேல் 1944, 45-இல் நேச நாட்டு லிபரேட்டர் விமானங்களின் குண்டுகள் விழுந்தன. அந்தத் தண்டவாளத்தின் பாலங்களையும் யார்டுகளையும் உடைப்பதுதான் அவற்றின் வேலை. பக்கத்துக் கொட்டகையில் கிடந்தது யார் என்று மேலே இருந்தவனுக்குத் தெரியாது. விடுதலையைக் கொண்டுவந்த விமானமும் நம் ஆட்களைக் கொன்றது என்பதைச் சொல்ல ஏனோ நம் நினைவுக் கூட்டங்களில் தயக்கம்.

குரலாக வந்த விமானம், இடியாக வந்த விமானம்

1948-இல் அவசரகாலம். காட்டோர லயங்களைச் சுற்றி முள்கம்பி. இப்போது விமானம் காகிதம் போட்டது: காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளைச் சரணடையச் சொல்லிச் சீனம், மலாய், தமிழ் துண்டறிக்கைகள். பிறகு ஒலிபெருக்கி கட்டிய விமானங்கள் காட்டுக்கு மேலே மெதுவாக வட்டமடித்துப் பேசின. வானத்திலிருந்து ஒரு குரல் பேசுவதைத் தோட்டத்துப் பிள்ளைகள் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

பட்டர்வொர்த் தளம் 1958-இல் ஆஸ்திரேலிய விமானப்படை கைக்குப் போனது. முப்பது வருடம் அவர்களிடம் இருந்தது. முதலில் சேபர், பிறகு மிராஜ். யான் கடற்கரைக்கு எதிரே உள்ள புலாவ் சொங்சொங் அவர்களின் குண்டுப் பயிற்சித் தீவு. மூடா ஆற்றைத் தாண்டினால் மறுகரை கெடா, அதனால் இரைச்சலில் பாதி நமக்கு. பள்ளிக்கூடத் தகரக் கூரை அதிரும், ஆசிரியர் பாடத்தை நிறுத்துவார், சத்தம் போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். இன்னொரு பக்கமும் உண்டு. அந்தத் தளமும் ஆஸ்திரேலியக் குடும்பங்களும் தோட்டக்காரர், டிரைவர், சமையல் ஆள், பட்டறை ஆள் என்று பலருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். தோட்டத்துப் பெரட்டுக்கு நிற்காமல் வெளியே வேலைக்குப் போன முதல் தலைமுறையில் பட்டர்வொர்த் தளத்து ஆட்களும் உண்டு.

கப்பல் நின்ற வருடம்

இப்போது அந்த நாற்பது வருடக் கணக்குக்கு வரலாம். 1947 மே மாதம் மலாயன் ஏர்வேஸ் சிறிய ஏர்ஸ்பீட் கான்சல் விமானங்களுடன் சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று சேவை தொடங்கியது. அது மலேசியன் ஏர்வேஸ் ஆகி, மலேசியா–சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆகி, 1972-இல் பிரிந்து மாஸ் தனியாக வந்தது. இந்த வளர்ச்சி முழுதும் நடந்துகொண்டிருந்தபோது நம்மவர்கள் கப்பலில்தான் போனார்கள். 1926-இல் கட்டிய ரஜூலா 1973 வரை ஓடியது. பிறகு எம்.வி. சிதம்பரம். டெக்கில் பாய் விரித்துப் படுத்து, ஊருக்குப் போய்வந்த கதை இல்லாத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு.

1985 பிப்ரவரியில் நடுக்கடலில் சிதம்பரம் தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள். அதோடு பயணிகள் கப்பல் போக்குவரத்தே முடிந்தது. அதன் பிறகு ஊருக்குப் போவதென்றால் விமானம் மட்டும்தான். நாள் சம்பளம் வாங்குகிற ஒரு குடும்பத்துக்கு நாலு டிக்கெட் என்பது வருடக் கணக்கில் கூட்டுப்பணம் கட்டி எடுக்க வேண்டிய தொகை. பலருக்கு அந்தக் கதவு அப்படியே சாத்திக்கொண்டது. 1985-க்கும் 2000-க்கும் நடுவில் எத்தனையோ வீடுகளில் தாய் தகப்பன் செத்த செய்தி தந்தியிலும் நீலத் தபால் தாளிலும் வந்தது. இங்கேயே ஆற்றங்கரையில் உட்கார்ந்து காரியம் செய்தார்கள். ஒரு தலைமுறை ஊர்த் தொடர்பு அறுந்ததில் இந்தப் பதினைந்து வருடத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஆராய்ச்சியாளர்கள் மொழி, பள்ளி, குடியுரிமை என்று காரணம் தேடுகிறார்கள். கப்பலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

2001-இல் டோனி பெர்னாண்டஸ் கடனில் மூழ்கிக் கிடந்த ஏர் ஆசியாவை ஒரு வெள்ளிக்கு வாங்கினார். 2008 டிசம்பரில் கோலாலம்பூர்–திருச்சி சேவை தொடங்கியது. சென்னை அல்ல, டெல்லி அல்ல, திருச்சி. தஞ்சாவூரும் புதுக்கோட்டையும் நாமக்கல்லும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்த யாரோ போட்ட கணக்கு அது. சுங்கைப்பட்டாணியில் இரவு பஸ் ஏறி, விடியலில் சிப்பாங் மலிவு முனையத்தில் இறங்கி, காவிரிக் கரையில் மதியச் சாப்பாடு. அந்த இரவு பஸ்ஸின் தேவையும் இப்போது குறைந்துவிட்டது: 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடியாகப் பறக்கத் தொடங்கியது. அதற்கு ஒரு வருடம் முன்பே, 2023 டிசம்பர் 1 முதல், இந்தியர்கள் மலேசியா வர விசா தேவையில்லை என்றாகிவிட்டது.

விளைவு எல்லா வீட்டிலும் தெரிகிறது. கல்யாணப் புடவை மஸ்ஜித் இந்தியாவில் எடுத்ததா, தியாகராய நகரில் எடுத்ததா என்று பந்தியில் பேச்சு. கும்பாபிஷேகத்துக்குச் சிற்பியும் நாதசுவரக்காரரும் வந்து இறங்குகிறார்கள். உணவகத்துச் சமையல்காரர் வருகிறார். எதிர்த் திசையில் பாட்டிகள் போகிறார்கள், ஆனால் ஊருக்கு அல்ல, சமயபுரத்துக்கும் திருப்பதிக்கும். சொந்த ஊருக்குப் போனால் அடையாளம் கண்டுகொள்ள ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம். தைலத்தை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இருக்கிறது.

‘எல்லாரும்’ யார்?

இனி எல்லாரும் பறக்கலாம் என்பது ஏர் ஆசியாவின் வாசகம். விமானத்திலும் விளம்பரத்திலும் படித்திருப்பீர்கள். செமிலிங்கிலிருந்து குருண் வரை உள்ள தோட்டத்து வீடுகளில் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினால் ஒரு சிலராவது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டிலேயே பிறந்து, இங்கேயே பால் வெட்டி, இங்கேயே ஓய்வு பெற்று, காகிதத்தில் மட்டும் நிரந்தரவாசி. தோட்டத்தில் பிறந்த பிள்ளையைப் பதிவு செய்யாமல் விட்டது, கல்யாணத்தைக் கோயிலில் முடித்துக்கொண்டு பதிவுக்குப் போகாதது, 1957-க்குப் பிறகு குடியுரிமைக்கு மனுப் போடச் சொல்லி எந்தக் கிராணியும் எடுத்துச் சொல்லாதது. காரணம் எதுவானாலும் பலன் ஒன்று: மலேசியப் பாஸ்போர்ட் கிடையாது. பயணத்துக்குத் தனிப் பத்திரம் மனுச் செய்து பார்க்கலாம். அதில் விசா வாங்குவதற்குள் தவணை முடிந்துவிடும்.

அறுபது வயது தாண்டிய இந்தியச் சிவப்பு அட்டைக்காரர்களுக்குக் குடியுரிமை கொடுப்போம் என்று 2018-இல் அரசு அறிவித்தது. சிலருக்குக் கிடைத்தது. கிடைத்தவர்களில் எத்தனை பேருக்கு விமானம் ஏற உடம்பில் தெம்பு இருந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. டிக்கெட் நூற்றைம்பது வெள்ளிக்கு இறங்கினாலும் இவர்களுக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான்.

பெட்டிச் செய்தி: சக்கரத்தில் இருக்கும் பால்

கார் டயரில் செயற்கை ரப்பர் பாதிக்கு மேல் வந்துவிட்டது. விமான டயரில் இன்னும் மரத்துப்பால் ரப்பர்தான் பெரும்பகுதி. காரணம் சூடு. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில், நின்றுகொண்டிருந்த சக்கரம் ஓடுபாதையைத் தொட்ட நொடியில் சுழலத் தொடங்க வேண்டும். டயர் தேய்ந்து புகை கிளம்பும். அந்த இழுப்பையும் உராய்வையும் தாங்கி, உள்ளே சூடு கட்டாமல் நிற்கிற குணம் இயற்கை ரப்பருக்கு அதிகம். உள்ளே அடைப்பது வெறும் காற்று அல்ல, நைட்ரஜன். போர்க் காலத்தில் குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்கிற எண்ணெய்த் தொட்டிகளுக்கும் ரப்பர்தான். மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் அமெரிக்கா செயற்கை ரப்பருக்குப் பணத்தைக் கொட்டியது சும்மா அல்ல.

இறக்கை செய்கிற கெடா

விமானம் என்றால் பயணம் மட்டும் இல்லை, வேலையும்தான். தாய்லாந்து எல்லையில் புக்கிட் காயு ஹித்தாமில் போயிங்கும் ஹெக்செலும் கூட்டாகத் தொடங்கிய தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. இப்போது அது முழுதாகப் போயிங் கையில். விமான இறக்கைக்கான கலப்புப்பொருள் பாகங்கள் அங்கே தயாராகின்றன. லங்காவியில் 1991 முதல் லீமா விமானக் கண்காட்சி. அலோர்ஸ்டாரில் விமானப்படைப் பயிற்சி. செமிலிங் சாலையிலேயே ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. டாக்டருக்கும் மருந்தாளருக்கும் அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிற இறக்கைத் தொழிலுக்கு நம் பிள்ளைகளை யார் அனுப்புகிறார்கள்? மூன்றாம் படிவம் முடித்துவிட்டுப் பாதுகாவலர் வேலைக்குப் போகிற பையனுக்கு, கலப்புப்பொருள் டெக்னீஷியன் என்று ஒரு சான்றிதழ்ப் படிப்பு உண்டு என்று சொல்ல நம் இயக்கங்களில் ஆளைக் காணோம்.

வயலில் நடந்திருப்பது இன்னும் பெரிய மாற்றம். மூடா பாசனப் பகுதியில் இப்போது மருந்து அடிப்பது டிரோன். வரப்பில் நிற்கிற பையன் கையில் ரிமோட், தலையில் தொப்பி. பெட்டி அளவான அந்தப் பூச்சி வரிசை பிடித்துப் போய் வந்து, டாங்கி காலியானதும் தானே இறங்குகிறது. தோட்டங்களிலும் நுழைந்துவிட்டது. இதை நான் மனதார வரவேற்கிறேன். காரணம், முன்பு அந்த மருந்தை முதுகில் சுமந்தது நம் பெண்கள். பாராகுவாட் அடித்து நகம் கழன்றவர்கள், மூக்கில் ரத்தம் வந்தவர்கள், கண் மங்கியவர்கள். தெனாகனிதா அமைப்பு 2002-இல் அதை ஆவணப்படுத்தியது. அந்த வருடம் விதித்த தடை 2006-இல் தளர்ந்து, 2020 ஜனவரியில்தான் பாராகுவாட் முழுதாக நின்றது. டிரோன் வந்தது அவர்களுக்கு இரக்கப்பட்டு அல்ல, ஆள் கிடைக்காததால். அதுவும் இருக்கட்டும். ஆனால் டிரோன் ஓட்டுவதற்கு உரிமம், பயிற்சி, சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி எல்லாம் வேண்டும், சம்பளமும் நல்ல சம்பளம். மருந்து சுமந்தவளின் மகளுக்கு அந்தப் பயிற்சியில் இடம் கேட்டு வாங்குவது தொழிற்சங்கத்தின் அடுத்த வேலையாக இருக்கலாம்.

அடுத்த ஓடுபாதை யார் நிலத்தில்?

கூலிம் அனைத்துலக விமான நிலையம் என்ற பேச்சு கெடாவில் பல வருடமாக ஓடுகிறது. சுங்கைப்பட்டாணிக்குத் தெற்கே சீடாம் வட்டாரம் அதற்கான இடம். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவின் சரக்கை ஏற்றலாம், வேலை வரும், கெடா பினாங்கை நம்பியிருக்க வேண்டாம் என்பது மாநில அரசின் வாதம். பினாங்கு எதிர்க்கிறது; அதன் விமான நிலையத்தை வருடத்துக்கு 65 லட்சம் பயணிகளிலிருந்து 1 கோடியே 20 லட்சமாக விரிவாக்கும் திட்டம் நடக்கிறது, பக்கத்தில் இன்னொன்று எதற்கு என்கிறது. மத்திய அரசு ஆட்சிக்கு ஆட்சி மாற்றிப் பேசியிருக்கிறது. திட்டம் வருமா வராதா என்பதை இரு மாநில முதல்வர்கள் மேடையில் பேசிக்கொள்ளட்டும்.

நமக்கு வேறு கணக்கு. 1998-இல் திறந்த சிப்பாங் விமான நிலையம் செம்பனைத் தோட்டங்கள் மேல் எழுந்தது. அதே காலத்தில் பக்கத்தில் புத்ராஜெயாவுக்காகப் பிராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்கள் காலியாயின. அங்கிருந்த தொழிலாளர்களை டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். சுவர் விரிசல் விட்ட அந்தக் கட்டடத்திலிருந்து தனி வீடு கேட்டு அவர்கள் போராடியது இருபது வருடத்துக்கு மேல். தலைநகருக்கே நிலம் கொடுத்தவர்களுக்கு அந்த நிலை.

சீடாம் பக்கம் இன்னும் ஒரு மரம்கூட விழவில்லை. ஆனால் விமான நிலையம் வரும் என்று செய்தி வந்தாலே நிலத்தின் விலை ஏறும், தோட்டம் கை மாறும், லயத்து வீட்டுக்கு நோட்டீஸ் வரும். ஓடுபாதைக்குச் செங்கல் வைப்பதற்குப் பத்து வருடம் முன்பே இதெல்லாம் நடந்து முடிந்துவிடும். எனவே இப்போதே செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு. அங்கே எத்தனை குடும்பம், எத்தனை கோயில், அவற்றுக்கு நிலப்பட்டா உண்டா, தமிழ்ப் பள்ளி நிலம் யார் பெயரில் என்று ஒரு பட்டியல் எடுக்கலாம். மாநில சட்டமன்றத்தில் கேள்வியாகப் போடலாம். தோட்டம் விற்கப்பட்டால் மாற்று வீடு தனி வீடாக, அதே வட்டாரத்தில், முதலில் கட்டி முடித்த பிறகே ஆட்களை வெளியேற்றுவது என்ற நிபந்தனையை எழுத்தில் வாங்கலாம். அடுத்த மாநிலத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாக் கட்சிக்காரர்களிடமும் கேட்கலாம். நம்மைப் பற்றிய வரி இல்லாமல் வரைபடம் வெளியாவதற்கு முன்னால் இதைச் செய்துவிட வேண்டும்.